பஞ்சமி நிலத்தை மீட்கப் பழைய ஏடுகள் வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

ஊர்மக்களுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் ஊரில் பஞ்சமி நிலம், அதாவது வெள்ளைக்காரன் காலத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு அரசு ஒதுக்கிய நிலம், இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாய்ப்பேச்சை வைத்து வழக்கு நடத்த முடியாது. ஏடு வேண்டும், ஏடு எடுக்கப் பணம் வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் தரிசு நிலம் கேட்டுப் பறையர் தர்க்காஸ்து (விண்ணப்பம்) போட்டால், முதல் உரிமை பரம்பரை நில உரிமையுள்ள மிராசுதாருக்கே என்று அரசின் விதியே சொன்னது. இதை 1891-இல் அறிக்கையாக எழுதி அனுப்பியவர் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர். அதன்பேரில் 1892-இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் வரை பஞ்சமி நிலமாக ஒதுக்கியதாகச் சொல்கிறார்கள். முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அப்புறமும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசே திரும்ப எடுக்கலாம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் கடனுக்கு வைத்த கைநாட்டிலும் மிரட்டலிலும் நிலம் போனது. 1980-களில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் பழைய நிபந்தனைக் குறிப்பும் விடுபட்டுப்போனது. ஆகவே இன்றைய கம்ப்யூட்டர் சிட்டாவை மட்டும் நம்ப முடியாது. ஊர் நிலங்களின் விவரம் சர்வே எண் வாரியாக உள்ள பழைய 'ஏ' பதிவேட்டின் சான்றிட்ட நகல் வேண்டும். தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய்தான். ஆனால் ஓர் அலுவலகத்தில் ஏடு கிழிந்துவிட்டது என்று கைவிரித்தார்கள், மேல்முறையீடு போட்டிருக்கிறோம். வில்லங்கச் சான்றுக்கு, எத்தனை ஆண்டு தேடுகிறோமோ அதற்கேற்பக் கட்டணம் ஏறும். நில அளவை, வக்கீல் செலவு, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வரும் செலவு வேறு.

1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டுப் பக்கத்துக் காரணை ஊரின் பஞ்சமி நிலப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அதை நினைத்து வீட்டுப் பெண்கள் பயப்படுவது நியாயம்தான். ஆர்ப்பாட்டமெல்லாம் பிறகு, முதலில் ஆவணம் என்று குழு முடிவெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்கு 500 ரூபாய் கேட்கிறோம். முடிந்தவர்கள் கூடுதலாகக் கொடுங்கள், முடியாதவர்களை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ரசீது உண்டு, வரவு செலவு மாதாமாதம் பஸ் ஸ்டாப் பலகையில் ஒட்டப்படும். மனை வியாபாரிகள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்க மாட்டோம்.

இன்னொன்று. தாத்தா, பாட்டி வைத்திருந்த தகரப் பெட்டிகளைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். பழைய பட்டாவோ கிஸ்தி (நிலவரி) ரசீதோ கிடைத்தால் எடுத்து வாருங்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலை அப்போதே திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பஞ்சமி நில மீட்புக் குழுவினர்