கடைசியில் வருபவருக்காகத் திட்டமிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நெருங்கிவிட்டால், வழிகாட்டியுடன் கூடிய நெடுந்தூர சைக்கிள் பயண அறிவிப்புகள் நாளிதழ்களின் பயணப் பக்கங்களில் வரத் தொடங்கிவிடும். மலை, ஏரி, காடு என்று படங்கள்; கீழே இத்தனை நாள், இத்தனை கிலோமீட்டர். இப்படிப்பட்ட குழுக்களை அழைத்துச் செல்லும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: பணம் கட்டுமுன் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் அவற்றில் அநேகமாக இருப்பதில்லை. வழிகாட்டி வருவார் என்று போடுகிறார்கள். அவர் முன்னால் போவாரா, பின்னால் வருவாரா? வேகமாக மிதிப்பவர் எந்த ஏற்பாட்டிலும் சமாளித்துக்கொள்வார். குழுவில் கடைசியாக வருகிறவரை மனதில் வைத்துப் போட்ட திட்டமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தூரத்தை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு பழகிய ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 120 வாட். அந்தத் திறனில் 6 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், அவர் வேகம் மணிக்கு 7 கி.மீ. சொச்சம்தான். 1,000 மீட்டர் உயரம் ஏற 16, 17 கி.மீ. சாலை, இரண்டே கால் மணி நேரம் பிடிக்கும். அதே தூரத்தை இறங்க அரை மணி நேரம். ஏறி இறங்க ஆக மொத்தம் இரண்டே முக்கால் மணி. சமதளத்தில் அந்த 33 கி.மீ.யை ஒன்றே முக்கால் மணிக்குள் முடித்திருப்பார். ஏற்றத்தில் விட்ட நேரத்தை இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை விட்டுப் போகிறது. ஒரு நாளில் 80 கி.மீ.யும் 1,500 மீட்டர் ஏற்றமும் இருந்தால், சாப்பாடு, பஞ்சர், படம் எடுக்க நிற்பது எல்லாம் சேர்ந்து கடைசி ஆளுக்குப் பொழுது சாய்ந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், மிகச் செங்குத்தான ஒரு கிலோமீட்டர் எத்தனை சதவீதம், தார் இல்லாத சாலை எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஒரே பாதைக்கு இரண்டு செயலிகள் இரண்டு விதமாக ஏற்றக் கணக்கு காட்டும். சிறு மேடு பள்ளங்களை ஒன்று சேர்த்துக்கொள்ளும், மற்றொன்று விட்டுவிடும். அதனால் அன்றைய பெரிய ஏற்றம் எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிகிறது என்றும் கேட்பது நல்லது. அந்த இரு எண்களிலும் குழப்பம் வராது.

மணிக்கு 7 கி.மீ.யில் ஏறுகிறவர் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமானால், முன்னால் உள்ள பல்சக்கரமும் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே பல் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். முன்னால் 32 என்றால் பின்னாலும் 32. சாலை 10 சதவீதம் ஏறினால் அதுவும் போதாது; முன்னால் 30-க்குக் கீழே, பின்னால் 36-க்கு மேலே என்று இருந்தால்தான் தாக்குப்பிடிக்கலாம். பந்தய சைக்கிள்களில் சாதாரணமாகக் கிடைக்கும் 34-க்கு 28 என்ற அமைப்பில் 6 சதவீத ஏற்றத்திலேயே சுற்று 50-க்குக் கீழே போய்விடும். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி முழுப் பாரத்தையும் வாங்கும். ஓரிரு நாளில் முட்டியின் முன்பக்கம் வலி கண்டுவிடும். வாடகை சைக்கிள் தருகிறார்கள் என்றால் இந்தப் பல் எண்ணிக்கையைக் கேட்கத் தயங்கவே கூடாது.

முட்டி வலிக்கு இன்னொரு காரணம் சீட் உயரம். மிதி மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முட்டிக்குப் பின்னால் வலித்தால் உயரம் அதிகமாக இருக்கலாம். மாற்றுவது ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ. வரை போதும். சரியான உயரம் அமைந்ததும் சீட் தண்டில் ஒரு டேப் சுற்றி அடையாளம் வைத்துவிட்டால், குழுவோடு வரும் உதவி வண்டியில் ஏற்றி இறக்கும்போது சீட்டை யார் இறக்கினாலும் கவலை இல்லை.

ஏற்றம் ஆளைச் சோதிக்கும், இறக்கம் சைக்கிளைச் சோதிக்கும். 10 சதவீத இறக்கத்தில் அதே 90 கிலோ மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால், காற்றும் டயரும் எடுத்துக்கொண்டது போக பிரேக் தாங்க வேண்டியது சுமார் 500 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் பாதிச் சூடு அந்த இரண்டு பிரேக்குகளில் இறங்குகிறது. பயந்தவர், அதாவது பெரும்பாலும் கடைசியில் வருகிறவர், பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்தபடியே மலை முழுக்க இறங்குவார். மெதுவாகப் போவதால் காற்றின் தடை குறைந்து பிரேக்கின் பங்கு கூடுகிறது. சூட்டை ஆற்றும் காற்றும் குறைவு. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் கொதித்து உள்ளே டியூபில் ஒட்டிய பேட்ச் பிரிந்துவிடும், சில நேரம் டியூபே வெடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் கட்டையின் முகம் கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிமானம் போய்விடும். எண்ணெயில் இயங்கும் பிரேக்கில் நாள்பட்ட, ஈரம் ஏறிய திரவம் கொதித்துக் குமிழி விட்டால் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும், சைக்கிள் நிற்காது.

செய்ய வேண்டியதை வழிகாட்டி முதல் நாளே, சிறிய இறக்கம் ஒன்றில் எல்லோரையும் செய்ய வைத்துக் காட்ட வேண்டும். வளைவுக்கு முன்னால் சாலை நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுவதுமாக விட்டுவிட வேண்டும். விட்ட அந்தச் சில விநாடிகளில்தான் சூடு ஆறும். உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளி, வளைவின் வெளிப்பக்கத்துக் காலைக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். கை மரத்துப்போனால் நிற்க வேண்டும். சூடான டிஸ்க்கைத் தொடவும் கூடாது, அதன்மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது, வளைந்துவிடும்.

புறப்படுமுன் அளக்க வேண்டியவை சில உண்டு. ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. தடிமன், 1.5-க்குத் தேய்ந்தால் மாற்றச் சொல்கிறது நிறுவனம். கட்டையில் தகடு நீங்கலாக 0.5 மி.மீ. மிஞ்சினால் அதன் ஆயுள் முடிந்தது. பல நாள் மலைப் பயணத்துக்கு 1 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். மழைச் சேறும் மணலும் சேர்ந்தால் மிச்சமிருப்பதை ஒரே நாளில் அரைத்துவிடும். எண்ணெயில் இயங்கும் பிரேக்கில் இருப்பது மினரல் ஆயிலா, டாட் எனப்படும் பிரேக் திரவமா என்பதை எழுதி ஒட்டி வையுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக்கையே மாற்ற வேண்டி வரும். செயின் தேய்மானத்தை அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். 11, 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டாலே மாற்றுவது நல்லது; 8 முதல் 10 வரை 0.75 சதவீதம்.

பலரும் கவனிக்காத ஒரு பாகம் உண்டு. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறிய அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்பார்கள். சைக்கிள் நின்ற இடத்திலேயே வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால்கூட அது ஒரு நூலளவு உள்ளே வளையும். கண்ணுக்குத் தெரியாது, சமதளத்தில் ஓட்டும்போதும் தெரியாது. ஏற்றத்தில் கடைசி கியருக்கு மாற்றும்போது கியரின் கூண்டு சக்கரத்துக்குள் நுழைந்து ஸ்போக்ஸில் சிக்கும். கியரும் போய், ஸ்போக்ஸும் போய், அன்றைய பயணமும் முடிந்தது. சைக்கிள் விழுந்தால் பின்னால் இருந்து பாருங்கள்: கியரின் இரண்டு சிறு பல்சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். சட்டத்துக்குச் சட்டம் ஹேங்கரின் வடிவம் வேறு. எந்தக் கடையிலும் கிடைத்துவிடும் என்று நம்பிப் போக முடியாது. சொந்த சைக்கிளில் வருபவர் ஒவ்வொருவரும் தன் சைக்கிளுக்கான ஹேங்கர் ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாட்டாளர் எழுதியே அனுப்ப வேண்டும்.

டியூபிலும் இதே தொல்லை. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு ரிம் துளை 6.5 மி.மீ.; கார் டயரில் இருக்கும் தடித்த ஷ்ரேடருக்கு 8.5 மி.மீ. தடித்தது சிறிய துளையில் நுழையவே நுழையாது. வண்டியில் பொது டியூப் பத்து இருந்தும் ஒருவருக்கும் உதவாமல் போவது இதனால்தான். டியூப் ஆளுக்கு இரண்டு, பேட்ச் பெட்டி, டயர் நெம்பு, பம்பு ஆகியவை அவரவர் பையில். வண்டியில் பெரிய பம்பு, செயின் உடைப்பான், அந்தந்தக் கியருக்கான செயின் இணைப்புகள், பிரேக் கட்டைகள், கேபிள், பல நீளங்களில் ஸ்போக்ஸ், பின் பல்சக்கரத்தைக் கழற்றும் கருவி. ஸ்போக்ஸ் அதிகம் உடைவது பின் சக்கரத்தில் செயின் இருக்கும் பக்கம். பல்சக்கரத்தைக் கழற்றாமல் அங்கே புதியதைக் கோக்க முடியாது. காற்றை இறுக்கி அடிக்க வேண்டாம். 35 மி.மீ. டயருக்கு 70 கிலோ ஆளுக்கு 45 முதல் 55 பி.எஸ்.ஐ. தாராளம், பின் சக்கரத்தில் சற்றுக் கூட.

இனி ஆட்கள். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒரு வழிகாட்டி என்று குறைந்தது இருவர் இல்லாத பயணத்தை வழிகாட்டியுடன் கூடிய பயணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கடைசியில் வரும் வழிகாட்டி எக்காரணத்துக்காகவும் யாரையும் தாண்டிப் போகக் கூடாது. பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர், முதலுதவி தெரிந்தவர் அவராகவே இருக்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் பின்னால்தான் நடக்கும். சாலை பிரியும் இடத்தில் ஒருவர் நின்று, பின்னால் வருகிறவரின் கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். பிரான்சில் 1904-ல் தொடங்கிய ஆடாக்ஸ் முறையில் குழு முழுவதும் சாலைத் தலைவரின் வேகத்தில், பெரும்பாலும் மணிக்கு 22.5 கி.மீ. சராசரியில், சேர்ந்தே போகும். அவரைத் தாண்ட அனுமதி இல்லை. சமதளத்துக்கு அது அருமையான முறை. நீண்ட மலையில் அவரவர் மூச்சுக்கு ஏற்றபடிதான் ஏற முடியும் என்பதால், அங்கே கூடும் இடங்களை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும்: ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சி, இறக்கத்தின் அடி, மற்றபடி 15, 20 கி.மீ.க்கு ஒன்று.

கூடும் இடத்தில் நடக்கும் ஒரு அநியாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வேகமானவர்கள் இருபது நிமிடம் முன்பே வந்து தண்ணீர் குடித்து, கால் நீட்டி, உடல் ஆறி உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஆள் தலை தெரிந்ததும், எல்லோரும் வந்தாச்சு, கிளம்பலாம் என்று எழுந்துவிடுவார்கள். அதிக ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஓய்வே இல்லை. இதே கதை நாளுக்கு ஐந்து தடவை நடந்தால் மூன்றாம் நாள் அவர் வண்டியில்தான் வருவார், குற்றவுணர்வோடு. கடைசி ஆள் கால் ஊன்றிய பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்க வேண்டும், குறைந்தது பத்து நிமிடம். காத்திருக்க முடியாதவர்களை இன்னொரு வழிகாட்டியோடு முன்னே அனுப்பலாம்.

வண்டியில் எப்போது ஏற்றுவது என்பதையும் முந்தின இரவே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். இத்தனை மணிக்குள் இந்த இடத்தைத் தாண்டாதவர் வண்டியில் வருவார் என்று இடமும் நேரமும் குறித்துவிட்டால், சாலையில் களைத்து நிற்பவரிடம் வாதாட வேண்டியதில்லை. வண்டி ஒருவரின் பின் சக்கரத்தை ஒட்டி ஊர்ந்து வருவது அவரை அவசரப்படுத்தும், பின்னால் வரும் வாகனங்களையும் எரிச்சல்படுத்தும். முன்னே போய் நின்று, கடைசி ஆள் கடந்த பிறகு மறுபடி முன்னே போவதே முறை. குழு வழிநடத்தல் பழகிக்கொள்ள வேண்டிய தொழில். 1976-ல் அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட பைக்சென்டெனியல் பயணத்தில், ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை சுமார் 6,800 கி.மீ. பாதைக்கு, குழுத் தலைவர்களைப் பயிற்சி கொடுத்தே அனுப்பினார்கள்.

உணவில் தவறு நடப்பது பசி எடுக்கும்வரை காத்திருப்பதால். தசையில் சேமித்த மாவுச்சத்து இரண்டு மணி நேரக் கடும் உழைப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், வெயிலில் இன்னும் சற்று. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். இதைத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் குடிக்க வைப்பது ஆபத்து. உப்பு சர்க்கரைக் கரைசல் பொடியை உறையில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான 20.5 கிராம் பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுவது தவறு. வெயிலில் ஒருவர் பேச்சுத் தடுமாறி, நினைவு குழம்பினால் அது வெப்பத் தாக்குதல். அந்த இடத்திலேயே உடல் முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறி, உடம்பைக் குளிர வைத்தபடியே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். மலை உச்சியிலோ ஆபத்து நேர்மாறு: வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் கை விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. காற்றுத்தடுப்புச் சட்டையை நின்றவுடனே, குளிர் தெரிவதற்கு முன்பே, போட்டுக்கொள்ள வேண்டும். அது இல்லாதபோது சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொள்வது பந்தய வீரர்களின் பழைய வழி. இன்றும் பலன் தருகிறது.

தங்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். இத்தகைய பயண அறிவிப்புகளை வெளியிடும்போது, கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே நாள்வாரி மொத்த ஏற்றத்தையும், எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டிகள் என்பதையும், கடைசியில் ஒரு வழிகாட்டி வருகிறாரா என்பதையும், வண்டியில் எத்தனை இருக்கை, எத்தனை சைக்கிளுக்கு இடம் என்பதையும் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
நெடுந்தூர சைக்கிள் குழுக்களை வழிநடத்துவோர்