பார்சல் வந்து சேர்ந்துருச்சு, பாப்பா

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

பார்சல் போன கிழமை வந்துச்சு. ஒண்ணும் உடையல. அரைச்ச கடுகுப் போத்தலைச் சுத்தி வச்சிருந்த சட்டை தம்பிக்கு அளவா இருக்கு. ஆனா இவ்வளவு விலைச் சாமான் எதுக்கு அனுப்பின? நாங்க கேட்டமா? நீ அங்க நேரத்துக்குச் சாப்பிட்டாப் போதும்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்.

அந்தப் பச்சைப் பருப்பைத்தான் முதல்ல அவிச்சோம். பிரான்ஸ்ல லு புய்ங்கிற ஊர்ல எரிமலை மண்ணுல விளையுதுன்னு தம்பி தேடி வாசிச்சான். 1996லயே அந்தப் பேருக்குச் சட்டக் காவல் போட்டுட்டாங்களாம், வேற ஊர்ப் பருப்பை அந்தப் பேர்ல விக்க முடியாதாம். மண்ணோட பேரை அப்படிக் காப்பாத்துற சனம் நல்ல சனம்தான். அம்மா மைசூர் பருப்புன்னு நினைச்சு, கரையும் கரையும்னு அடுப்படியிலயே நின்னா. இது கரையாது. ஊறவும் போட வேண்டாம். 25 நிமிஷத்துல இறக்கி வடிச்சு, சூடு இருக்கும்போதே வினாகிரியும் எண்ணெயும் கடுகும் கலந்து ஊத்தணும். ஆறின பிறகு ஊத்தினா உள்ள இறங்காது. நீ அனுப்பின படத்துல பருப்பு மேல எண்ணெய் தனியா நின்னுச்சு, அதுக்காகச் சொல்றேன்.

கூட லீக்ஸும் அவிச்சேன். நுவரெலியாவுல இப்ப நல்ல லீக்ஸ் வருது. நான் தோட்டத்துத் துரை பங்களா குசினியில இருந்த காலத்துல வெள்ளைத் தண்டு துரையோட சூப்புக்குப் போயிரும், பச்சை இலையை நான் நம்ம லயத்து வீட்டுக்குக் கொண்டு வருவேன், அம்மா கருவாடு போட்டு வதக்குவா. அந்த இலையைத் தின்னு வளந்த பிள்ளை இன்னைக்குப் பாரிஸ்ல வெள்ளைக்காரங்களுக்கே சமைச்சுப் போடுதுன்னு நான் டவுன்ல சொல்லாத ஆள் இல்ல. உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். சொல்லத்தான் செய்வேன்.

கடுகை மட்டும் அடுப்புல கொதிக்க விடாத. இதை முன்னயும் சொல்லியிருக்கேன். நம்ம தாளிக்கிற கடுகு வேற பக்குவம். அரைச்ச கடுகுக்குத் தண்ணி பட்டாத்தான் காரம் பிறக்கும், கொதிச்சா அந்தக் காரம் போயிரும். அடுப்பை அணைச்சிட்டுக் கலக்கு.

2022ல நாங்க கேஸ் வரிசையில நின்ன வருசம், அங்க கடுகு இல்லன்னு நீ சொன்ன. கனடாவுல முந்தின வருசம் மழை இல்லாம விளைச்சல் போச்சு, டிஜோன்ங்கிற அந்தப் போத்தல் கடுகுக்கு விதை அங்க இருந்துதான் வருதுன்னு மாப்பிள்ளைதான் போன்ல விளக்கமாச் சொன்னார். ஒரு போத்தலுக்காக ரெண்டு பேரும் கடை கடையா ஏறி இறங்கினதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க. அம்மா இப்பவும் அந்தச் சிரிப்பைப் பத்திப் பேசுவா.

மாப்பிள்ளைக்கு இப்ப வேலை எப்படி? ராத்திரி வேலையா? நீ அனுப்புற படத்துல எல்லாம் தட்டு ஒண்ணுதான் இருக்கு. படம் எடுக்க வசதியா ஒண்ணை மட்டும் வச்சிருப்ப. நான் அதைப் பெரிசா எடுக்கல. ஆனா சமைச்சா ரெண்டு பேருக்குச் சமை பாப்பா. ஒரு ஆளுக்கு அளந்து போட்டா உப்பும் சரிவராது, மனசும் சரிவராது.

உப்புன்னதும் ஞாபகம். அந்தக் கெராந்துங்கிற ஊர் உப்பை அம்மா சம்பலுக்குப் போட்டு இடிச்சிட்டா. உப்பளத்துல மேலாப்புல மிதக்கிற பூவைக் கையால வாரி எடுக்கிற உப்பு அது, வெந்து இறக்கின சாப்பாட்டு மேல தூவத்தான்னு சொல்லி மிச்சத்தை ஒளிச்சு வச்சிருக்கேன். ட்ரஃபிள் எண்ணெய் மட்டும் இனி வாங்காத. அந்தப் போத்தல்ல ட்ரஃபிள்ங்கிற காளான் இல்ல, வாசனைச் சரக்குதான். அந்தக் காசுக்கு நல்ல வெண்ணெய் வாங்கிச் சாப்பிடு. முகம் மெலிஞ்சு போச்சுன்னு அம்மா சொல்றா. முகத்தை நீ எங்க காட்டுற, அடுப்பைத்தான் காட்டுற.

வனிலாக் காயில கரமல் புடிங் செஞ்சேன். பங்களாவுல எசன்ஸ்தான் ஊத்துவோம், அசல் காயை இப்பத்தான் கையில தொட்டேன். நடுவுல கீறி, விதையைச் சுரண்டிப் பால்ல போட்டு, தோலைக் கழுவிக் காய வச்சுச் சீனிக்குள்ள போட்டிருக்கேன். நீயும் தோலை வீசாத. அந்தப் பூவைக் கையால சேத்துக் காய்க்க வைக்கிற சுலபமான வழியை ரீயூனியன் தீவுல 1841ல கண்டுபிடிச்சது எட்மொன் அல்பியூஸ்னு ஒரு அடிமைப் பையனாம், வயசு 12. ஒரு குச்சியும் பெருவிரலும்தான். இன்னைக்கும் தோட்டங்கள்ல அந்த முறைதான். அவனுக்கு 1848ல விடுதலை கிடைச்சுச்சு, ஆனா 1880ல ஏழையாத்தான் செத்தான். எனக்கு அன்னைக்குப் புடிங் இறங்கல. உன் கையில தொழில் இருக்கு பாப்பா. அந்தக் கைச் சம்பளம் உன் பேர்லயே பேங்க்ல இருக்கட்டும். யார் கேட்டாலும்.

சின்ன மாமா வீட்டுக் கல்யாணம் தையில. அதைப் பிறகு எழுதுறேன். தலவாக்கலை அத்தை உன்னைக் கேட்டா. அவ திரும்பி வந்தப்ப நம்ம வீட்டுல யாராவது ஒரு கேள்வி கேட்டமா? அம்மாகூடக் கேக்கல. இப்பத் தையல் கடை போட்டு ரெண்டு பிள்ளைகளுக்கு வேலை குடுத்திருக்கா. சும்மா சொன்னேன்.

வெண்ணெய் பார்சல்ல வராதுன்னு நீ எழுதியிருந்த. பரவாயில்ல, இங்க அம்பேவல பால் இருக்கு. பாலாடையில ஒரு கரண்டி தயிர் விட்டு அடுப்பு ஓரமா வச்சிருக்கேன், நீ சொன்ன அந்தப் புளிச்ச கிரீம் மாதிரி வருதான்னு பாக்க. இந்த மார்கழிக் குளிர்ல ரெண்டு ராத்திரி ஆகும்போல.

அடுத்த பார்சல் வேண்டாம். அந்தக் காசை வச்சுக்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறரைக்கு அம்மாவும் தம்பியும் கோயிலுக்குப் போயிருவாங்க, உனக்கு அப்பப் பகல் ரெண்டு மணி. வீட்டுல நான் மட்டும்தான். கூப்பிடு.

இப்படிக்கு,
அப்பா