பாப்பாவுக்கு, தைராய்டு ரிப்போர்ட்டைப் பற்றி

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று ரிப்போர்ட்டுகளையும் அச்செடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். "எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் அப்பா" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு உடம்பு சரியில்லை என்பதை நானும் உன் அம்மாவும் நம்புகிறோம். நம்புவதற்கு எங்களுக்கு எந்தத் தாளும் வேண்டாம். போன சித்திரையில் நீ வந்திருந்தபோது, ஊரே வெந்துகொண்டிருந்த மத்தியான நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாய். காலையில் எழுந்தால் கண் இமைகள் தடித்திருந்தன. கல்யாண மோதிரம் ஏறாமல் விரலில் சோப்பைத் தடவிக்கொண்டு நின்றாய். புருவத்தின் வெளி ஓரத்தில் முடி மெலிந்திருந்ததை அம்மாதான் எனக்குக் காட்டினாள். இவ்வளவையும் ஒருத்தி கற்பனை செய்துகொள்ள முடியாது.

ஆனால் உடம்பு சரியில்லை என்பது ஒன்று. அது தைராய்டுதான் என்பது வேறொன்று. மஞ்சக்குப்பத்தில் ரத்தம் எடுத்தும், குழாய்களைச் சுழற்றியும், ரிப்போர்ட் எழுதியும் ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் தெரிந்ததை உனக்கு எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் வரம்பு எப்படி வருகிறது என்று பார். நோயில்லாத பலருடைய ரத்தத்தைச் சோதித்து, மிகக் குறைவான இரண்டரை சதவீதத்தையும் மிக அதிகமான இரண்டரை சதவீதத்தையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் நிற்கும் 95 சதவீதத்தை வரம்பாக எடுத்துக்கொள்வார்கள். அது ஊராருடைய வரம்பு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். தனி ஒருவருக்கு அந்த வரம்பு முழுவதும் அலைவதில்லை. 2002இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான 16 ஆண்களை ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் சோதித்து எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு குறுகிய எல்லை இருந்தது; அதற்குள்தான் ஏறி இறங்கியது. ஆகவே உன் எண்ணை ஊர் எண்ணோடு ஒப்பிட்டால் போதாது. உன் பழைய எண்ணோடும் ஒப்பிட வேண்டும்.

ஒப்பிட்டேன். முதல் ரிப்போர்ட்டில் 1.4, அடுத்ததில் 2.6, இப்போது 3.9. மூன்றும் வரம்புக்குள்தான் இருக்கின்றன. தைராய்டு சுணங்கினால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, ஆளை விரட்டும் மேஸ்திரியைப் போல டி.எஸ்.எச்.சைக் கூட்டிக்கொண்டே போகும். அந்த வகையில் இந்த ஏற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. அதே சமயம் இதை வைத்து முடிவு கட்டவும் மாட்டேன். முதல் ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் ரத்தம் எடுத்த நேரம் மாலை நான்கரை என்று இருக்கிறது. மற்ற இரண்டும் காலை ஏழரைக்கு எடுத்தவை. டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்திருக்கும், பிற்பகலில் தாழும். ஆகவே 1.4க்கும் 2.6க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் கொஞ்சம் கடிகாரத்தின் வேலையாகவும் இருக்கலாம். 2.6இலிருந்து 3.9க்குப் போனதுதான் கவனிக்க வேண்டியது. இரண்டும் ஒரே லேப், ஒரே நேரம். இனிமேலும் அதே லேபில், காலையிலேயே கொடு.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. முடி கொட்டுகிறது என்று நீ தினமும் ஒரு மாத்திரை போடுகிறாய் அல்லவா? அட்டையைத் திருப்பிப் படித்துப் பார். பயோட்டின் 10 மில்லிகிராம் என்று இருக்கும். பயோட்டின் ஒரு வைட்டமின்; உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம் அளவுதான். லேபில் உள்ள பல இயந்திரங்கள் பயோட்டினையே கொக்கியாக வைத்து வேலை செய்பவை. ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி-4 உள்ளதைவிட அதிகமாகவும் வரும். மாத்திரை போட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்திருந்தால், அந்த 3.9 என்ற எண்ணையே நான் முழுதாக நம்ப மாட்டேன். ரத்தம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. பரிசோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்தச் சொல்கிறார்கள். நீ ஒரு வாரம் நிறுத்து.

அடுத்து, தைராய்டுக்கென்று உனக்குப் பார்த்தது டி.எஸ்.எச். மட்டும். அதோடு ஃப்ரீ டி-4 சேர்த்துப் பார்க்கச் சொல். பிட்யூட்டரியே சரியாக வேலை செய்யாவிட்டால் டி.எஸ்.எச். நார்மலாக இருக்கும், டி-4 தாழ்ந்திருக்கும். இது அபூர்வம், ஆனாலும் ஒரே குழாய் ரத்தத்தில் தெரிந்துவிடும். பிறகு ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிரணு (ஆன்டிபாடி) பரிசோதனை. உன் அம்மாவுக்குத் தைராய்டு, உன் சின்ன அத்தைக்குக் கையில் வெண்புள்ளி. உடம்பின் காவல் படை தன் உடம்பையே தாக்குகிற நோய்கள் இப்படி ஒரு குடும்பத்துக்குள் சேர்ந்து வருவதுண்டு. இந்தக் குடும்பக் கதையை மருத்துவரிடம் சொன்னாயா? நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று அம்மா சொல்கிறாள்.

அந்தக் காவல் படை தைராய்டைத் தாக்கும் நோய்க்கு ஹாஷிமோட்டோ என்று பெயர். அந்தப் பெயருள்ள ஜப்பானிய அறுவை மருத்துவர் ஒருவர், கழுத்து வீங்கிய நான்கு பெண்களின் சுரப்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதில் வெள்ளணுக்கள் கூட்டமாக நுழைந்திருப்பதை 1912இல் எழுதினார். அவை ஏன் நுழைந்தன என்பது 1956இல்தான் விளங்கியது. அவர் 1934இலேயே டைஃபாய்டில் இறந்துவிட்டார். கண்ணால் பார்த்த ஒன்றுக்கே காரணம் தெரிய 44 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதனால்தான் பத்து நிமிடம் உன்னைப் பார்த்துவிட்டு 'டென்ஷன்' என்று முடித்தது எனக்கு வலிக்கிறது.

எதிரணு இருக்கிறது என்று வந்தால் பயப்படாதே. வடகிழக்கு இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊர் மக்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எதிரணு மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் தைராய்டு குறைந்தது. டி.எஸ்.எச்.சும் உயர்ந்திருந்தால் நூற்றுக்கு நான்கு பேர். எதிரணு மட்டும் இருப்பவர்களுக்கு உடனே மாத்திரை கொடுப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொண்டே வருவார்கள். எதிரணு இல்லை என்று வந்தாலும் நோய் அடியோடு இல்லை என்று ஆகாது. சிலருக்கு ரத்தத்தில் தெரியாமல் கழுத்து ஸ்கேனில் தெரியும். கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரிடம் போ. எச்சில் விழுங்கச் சொல்லிப் பின்னால் நின்று விரலால் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இப்போது நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. அம்மாவிடம் போனில், "உன் மாத்திரையில் பாதியைப் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாயாம். கூடாது. 2001இல் ஸ்காட்லாந்தில், உன்னைப் போலவே அறிகுறிகள் இருந்தும் பரிசோதனை நார்மலாக வந்தவர்களுக்குத் தைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரையும் வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தைராக்ஸின் வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை. தேவையில்லாமல் அதிகமாகப் போட்டால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பு தேயும். அயோடின் சத்து, கடற்பாசிப் பொடி என்று யார் கொடுத்தாலும் வாங்காதே; அயோடின் மிகுந்தாலும் இந்தச் சுரப்பி கெடும். நாம் சமைக்கும் உப்பில் இருப்பதே போதும்.

நீ தைராய்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது வேறொன்று ஒளிந்திருக்கக் கூடாது என்பது என் கவலை. உன் ஹீமோகுளோபின் 12.1. அதைப் பார்த்துவிட்டு ரத்தசோகை இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் உடம்பின் இரும்புக் கையிருப்பு ஃபெர்ரிட்டின் என்ற பரிசோதனை செய்தால்தான் தெரியும். ஹீமோகுளோபின் விழுவதற்கு வெகு நாள் முன்பே கையிருப்பு காலியாகிவிடும். அசதி, முடி கொட்டுதல், மாடிப்படியில் மூச்சு வாங்குதல் எல்லாம் அதிலும் வரும். உனக்கு மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்று அம்மா சொன்னாள். எனக்கு இப்போது மிகுந்த சந்தேகம் இதில்தான். தைராய்டு குறைந்தாலும் மாதவிலக்கு அதிகமாகும். இரும்பு குறைந்தால் தைராய்டு வேலை செய்வதும் சிரமம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பி-12, சர்க்கரை, வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்த்துவிடு. நீ தூக்கத்தில் குறட்டை விடுகிறாயா என்று மாப்பிள்ளையிடம் கேள். மனச்சோர்வு உண்டா என்று மருத்துவர் கேட்டால் கோபப்படாமல் உள்ளபடி சொல். அதுவும் வைத்தியம் உள்ள நோய்தான். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடு, கர்ப்பத்தில் டி.எஸ்.எச்.சைப் பார்க்கும் அளவே வேறு.

நேற்று பண்ருட்டி போன வழியில் திருவதிகையில் இறங்கிக் கும்பிட்டேன். அப்பர் சூலை நோயால் துடித்து, வைத்தியம் பார்த்தவர்கள் கைவிட்ட பிறகு, தமக்கையிடம் வந்து விழுந்த ஊர் அது. திலகவதியார், "உனக்கு நிஜமாகவே வலிக்கிறதா?" என்று கேட்டதாக எந்தக் கதையிலும் இல்லை. அங்கே நின்றபோது உன்னை நினைத்துக்கொண்டேன்.

நீ இருக்கும் ஊரில் உள்ள மருத்துவர் மறுபடியும் கேட்க மறுத்தால் லீவு போட்டுவிட்டு வா. புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனையில், தைராய்டு போன்ற நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. விடியற்காலை பஸ்ஸில் அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி போய், கோரிமேட்டில் வரிசையில் நான் நிற்கிறேன், நீ உட்கார்ந்திரு. எத்தனை நேரம் ஆனாலும் சரி.

உள்ளே போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்: எது எப்போது தொடங்கியது, எடை எவ்வளவு ஏறியது, எந்தெந்த மாத்திரை போடுகிறாய், குடும்பத்தில் யாருக்கு என்ன. "எனக்குத் தைராய்டு" என்று தொடங்காதே. "எனக்கு இது இது செய்கிறது, ஏன் என்று தெரிய வேண்டும்" என்று சொல்.

அம்மா முந்திரியும் எள்ளுருண்டையும் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். முடி மாத்திரையை இன்றைக்கே நிறுத்து. அடுத்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பும்போது, மேல் ஓரத்தில் ரத்தம் எடுத்த நேரமும் தெரியும்படி எடு.

அன்புடன்,
அப்பா