கேமிங் லேப்டாப் வாங்கும் முன்: ஒரு காலி ஸ்லாட்டைப் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எர்ணாவூரிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். வாரத்தில் பாதி நாள் வெளியூர், மீதி நாள் எடிட்டிங், ராத்திரியில் கொஞ்சம் கேம். ஆறு மாதத்துக்கு முன்பு ஆன்லைனில் வாங்கிய கேமிங் லேப்டாப்பை மேஜையில் வைத்து, "அண்ணே, 512 ஜிபி நிரம்பிடுச்சு. இன்னொரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுங்க" என்றார். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டாவது ஸ்லாட் (எஸ்எஸ்டி டிஸ்கைச் செருகும் இடம்) இருக்கவேண்டிய இடத்தில் போர்டில் அதற்கான தடம் மட்டும் இருந்தது, கனெக்டரைப் பொருத்தவே இல்லை. அதே வரிசையில் விலை கூடின மாடலில் அது உண்டு, இவர் வாங்கியதில் இல்லை.

இருந்த டிஸ்கை எடுத்துவிட்டு 2 டெராபைட் போட்டுக் கொடுத்தோம். பழைய 512 ஒரு யுஎஸ்பி கேஸுக்குள் போனது. வேலை முடிந்தது. ஆனால் வாங்கும்போது "காலி ஸ்லாட் இருக்கிறதா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவருக்குச் செலவும் அலைச்சலும் குறைந்திருக்கும். அந்தக் கேள்வியை நீங்கள் எல்லோரும் கேட்கவேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில், இடம் எப்படித் தீர்கிறது என்று பாருங்கள். பெட்டியில் 512 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் கணக்கில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-இன் கணக்கில் எண்ணுகிறது. அந்த 476-இல் விண்டோஸும் வேலைக்கான மென்பொருள்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பால்டர்ஸ் கேட் 3 போன்ற கேம்கள் ஒவ்வொன்றும் 150 ஜிபி கேட்கின்றன. விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே வீடியோ எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, நான்கு மணி நேரம் என்றால் ஒரே கல்யாணத்துக்கு 360 ஜிபி. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அதனால் எங்களிடம் வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: ஒரே ஸ்லாட்டில் 1 டெராபைட் உள்ள மாடலும், 512 ஜிபியோடு இன்னொரு ஸ்லாட் காலியாக உள்ள மாடலும் ஒரே விலையில் இருந்தால், இரண்டாவதை எடுங்கள். இடம் தேவைப்படும் நாளில் டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். ஸ்லாட்டைப் பிறகு வாங்க முடியாது. இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் ஒன்றிலும் உங்கள் வேலை இன்னொன்றிலும் இருக்கும். விண்டோஸ் கெட்டுப்போய் மறுபடி போடவேண்டி வந்தாலும் வேலைக்கு ஆபத்தில்லை.

"எக்ஸ்பாண்டபிள்" என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய டிஸ்கை எடுத்துவிட்டுப் பெரியது போடலாம் என்பதையும் சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எத்தனை எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி மாட்டும் ஸ்லாட்டின் பெயர்), அதில் எத்தனை காலி என்று மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினாலே உள்ளே இருப்பது மாறலாம். டாஸ்க் மேனேஜர் ராம் ஸ்லாட்டைக் காட்டும், எஸ்எஸ்டி ஸ்லாட்டைக் காட்டாது. கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் திறந்து பார்க்கவேண்டும்.

காலி ஸ்லாட் இருந்தாலும் அதன் நீளத்தைக் கவனியுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 2280, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில மாடல்களில் இரண்டாவது ஸ்லாட் 42 மில்லிமீட்டர்தான் ஏற்கும். அது என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) ஏற்குமா என்றும் கேளுங்கள். பழைய மாடல் சிலவற்றில் சாட்டா (வேகம் குறைந்த பழைய வகை) மட்டுமே வேலை செய்யும். சாட்டா என்றால் விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். என்விஎம்இ மூன்றாம் தலைமுறையிலேயே 3500 வரை போகும், நான்காம் தலைமுறையில் 7000. இந்த இரண்டு தலைமுறைக்கும் நடுவில் கேம் ஆடும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் வேகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசில் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் சிப்பில் டிஎல்சி, க்யூஎல்சி என்று வகைகள் உண்டு; வீடியோ எடிட் செய்பவர்கள் டிஎல்சி வகை கேட்டு வாங்குங்கள். க்யூஎல்சி மலிவுதான், ஆனால் பெரிய ஃபைலைத் தொடர்ந்து எழுதும்போது மூச்சு வாங்கும்.

ஒரு எச்சரிக்கை. மிகக் குறைந்த விலைக்கு "2 டெராபைட்" பென்டிரைவ் கிடைக்கிறது என்று வாங்கி வருகிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் 32 அல்லது 64 ஜிபி. கம்ப்யூட்டரிடம் 2 டெராபைட் என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிவிடும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை இப்படித் தொலைத்துவிட்டு எங்கள் மேஜை முன்னால் அழுத அம்மாவுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெளியில் மாட்டும் டிஸ்க் எதுவானாலும் கொண்டு வாருங்கள், முழுக்க நிரப்பிச் சோதித்துத் தருகிறோம். காசு வேண்டாம்.

கிராபிக்ஸ் பற்றிச் சுருக்கமாக: ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராபிக்ஸ் சிப்பின் பெயர் மட்டும் போதாது. அதே சிப்புக்கு ஒரு லேப்டாப் 60 வாட் கொடுக்கும், இன்னொன்று 115 வாட் கொடுக்கும். வாட் குறைந்தால் வேகமும் குறையும், அதனால் வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

பயணம் செய்பவர்களுக்கு. லேப்டாப் 2.3 கிலோ என்று எழுதியிருந்தால் சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள், மூன்று கிலோ வரும். காலை நேரக் கும்மிடிப்பூண்டி லோக்கலில் அதைத் தோளில் போட்டு நின்றால்தான் அந்த எடை என்னவென்று தெரியும். டைப்-சியில் 100 வாட் சார்ஜ் ஏற்கும் மாடலாக இருந்தால், கேம் ஆடாத நாளில் பெரிய சார்ஜரை வீட்டிலேயே விட்டுப் போகலாம். விமானத்தில் 100 வாட் அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) வரையுள்ள பேட்டரியைத் தனி அனுமதி இல்லாமல் கையில் கொண்டுபோகலாம். கேமிங் லேப்டாப்களில் பேட்டரி 99 வாட் அவர் என்று பார்ப்பது அதனால்தான். ரயிலில் உள்ள சாக்கெட் போனுக்கும் சாதாரண லேப்டாப்புக்கும் உரியது. 230 வாட் சார்ஜரைச் செருகி அங்கே கேம் ஆடவேண்டாம்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம், மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு, தண்ணீர் புகுந்த லேப்டாப்களை வரிசையாகக் கொண்டு வந்தார்கள். போர்டு போனாலும், எம்.2 எஸ்எஸ்டி தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால் அதை எடுத்துக் காயவைத்துச் சுத்தம் செய்து வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம். பலமுறை டிஸ்க் பிழைத்தது. ஆனால் பிழைத்த டிஸ்கைத் திறக்க முடியாமல் சிலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் பூட்டு (டிஸ்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி செய்யும் வசதி) பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும். அதன் சாவி போர்டில் உள்ள சிப்பில் இருக்கிறது. போர்டு செத்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு பலருக்கு ஞாபகம் இல்லை. கடையில் யாரோ ஒருவர் தொடங்கிக் கொடுத்த கணக்காக இருக்கும்.

தயவுசெய்து இன்றே அந்த எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள். பை போனால் லேப்டாப்பும் இரண்டு டிஸ்கும் எண்ணும் சேர்ந்தே போகும். அதனாலேயே முக்கியமான வேலைக்கு வீட்டில் இன்னொரு நகல் இருக்கட்டும்.

எஸ்எஸ்டி போடுவதற்காகப் பின்மூடியைத் திறந்தால் பெரும்பாலான கம்பெனிகளில் வாரண்டி போகாது. ஆனால் திறக்கும்போது கிளிப் உடைந்தால் அது உங்கள் செலவு. உங்கள் மாடலுக்கு என்ன விதி என்பதை வாங்குகிற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களிடம்தான் வாங்கவேண்டும் என்றில்லை. ரிச்சி தெருவில் பார்த்தாலும், ஆன்லைனில் பார்த்தாலும், பணம் கட்டும் முன் மாடல் எண்ணை எழுதி எடுத்து வாருங்கள். மேனுவலைத் தேடி ஸ்லாட் கணக்கைச் சொல்கிறோம். சொந்த லேப்டாப்பில் டிஸ்க் போட வருகிறவர்கள் சார்ஜரையும், அந்த 48 இலக்க எண்ணையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் சர்வீஸ் மேஜைத் தம்பிகளும்
தண்டையார்பேட்டை, சென்னை