முதலில் மருந்து, அப்புறம் கத்தி

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் பாதியில் களைத்துவிடும். நிதானமாகப் படி.

அன்றைக்கு அப்பாவிடம் நீ கத்தியது எனக்கும் கேட்டது. "கட்டின்னு தெரிஞ்ச பிறகும் வெட்டி எடுக்காம எதுக்கு இழுத்தடிக்கிறாங்க?" என்றாய். அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் டாக்டரிடம் முதலில் கேட்டது இதைத்தான், உன் அளவுக்குச் சத்தம் போடாமல்.

அவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். இது குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி என்றார். இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை லேசாக மடக்கிப் பேனாவின் ஒரு பக்கத்தில் ஒட்டவைத்தார். அந்த விரல்தான் என் புற்றுநோய்க் கட்டி. கணையத்தின் தலைப் பகுதியில் கிளம்பித் தமனியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் சுற்றளவில் பாதிக்கு மேல் வளைக்கவில்லை. பாதியைத் தாண்டியிருந்தால் ஆபரேஷன் பேச்சையே இப்போது எடுத்திருக்க மாட்டார்கள். ரிப்போர்ட்டில் 'பார்டர்லைன்' என்று போட்டிருப்பது இதைத்தான்.

இப்போதே வெட்டினால் தமனியோரம் கண்ணுக்குத் தெரியாத மிச்சம் தங்கிவிடலாம். அதோடு, ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சில செல்கள் முன்பே ரத்தத்தில் கிளம்பிப் போயிருக்கலாம். கத்தி அவற்றைத் தேடிப் போகாது, மருந்துதான் போகும். விப்பிள் ஆபரேஷன் சின்ன விஷயமும் இல்லை. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயில் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்பக் குடலோடு இணைக்க வேண்டும். அதற்கப்புறம் கீமோ எடுக்க உடம்பில் தெம்பே இல்லாமல் போகிறவர்கள் நிறையப் பேராம். தெம்பு இருக்கும்போதே கொடுத்துவிடலாம் என்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார். மருந்து ஓடுகிற இந்த மாதங்களில் நோய் கல்லீரலில் தலைகாட்டினால், முதலிலேயே வெட்டியிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது; வீணாக வயிற்றைத் திறக்காமல் தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்த டாக்டரை அப்போதுதான் பிடித்தது.

உன் நண்பனின் மாமனாருக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள் என்றாயே, அவர் கட்டி எங்கே இருந்தது என்று கேட்டாயா? ரத்தக்குழாயைத் தொடாத கட்டிக்கு எது முதலில் என்று டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் ஓயவில்லை. என் கட்டிக்கு அந்த வாதம் பொருந்தாது. அப்பா உட்கார்ந்து தேடிப் படித்தார். நெதர்லாந்தில் 246 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துவிட்டு ஆபரேஷனுக்கு அனுப்பியவர்களில் ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 20 பேர். நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களில் 6, 7 பேர். 20 என்று வாசித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. நான் அந்த 6-ஐயும் சேர்த்துத்தான் பார்த்தேன். நீ கணக்கு டீச்சர் மகன், உனக்குத் தனியாக விளக்க வேண்டாம்.

எனக்குக் கொடுப்பது ஃபோல்ஃபிரினாக்ஸ், நாலு மருந்து சேர்ந்த கீமோ. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் ஏற்றிவிட்டு, கடைசி மருந்தை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சுத் தோலுக்கடியில் பதித்த போர்ட்டில் மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாட்டிலுக்குள்ளே ஒரு பலூன். 46 மணி நேரத்தில் அது மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும், சத்தமே வராது. ராத்திரியில் அப்பா டார்ச் அடித்து அது எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்கிறார், நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு. குளிர்ச்சியாக எதைத் தொட்டாலும் விரலில் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது, அந்த நாலில் ஒன்றான ஆக்சாலிபிளாட்டின் செய்கிற வேலை. அதனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கிற உத்தியோகம் அப்பாவுக்கு வந்துவிட்டது. வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கைவசம் இருக்கிறது. சாப்பிடும்போது கூடவே செரிப்பதற்கான என்சைம் கேப்சூல் போடுகிறேன்; முதல் வாயோடு போட வேண்டும், சாப்பிட்டு முடித்தபிறகு போட்டால் பிரயோஜனமில்லை. எடை இறங்குவது நின்றிருக்கிறது.

ரத்தத்தில் கட்டியின் நிலவரம் பார்க்கிற சி.ஏ. 19-9 எண்ணைப் பார்த்து நீ பதறினாயே, அது மஞ்சள் காமாலை இருந்தபோது எடுத்தது. பித்தம் அடைத்திருந்தால் அந்த எண் தானாகவே ஏறும். பித்தக்குழாய் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் வைத்து, காமாலையைக் காட்டுகிற பிலிருபின் இறங்கியபிறகு எடுத்ததைத்தான் கணக்கில் வைக்கிறார்கள். அது இறங்குமுகமாக இருக்கிறது. காய்ச்சல் 100.4 தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும். வெள்ளணு குறைந்திருக்கலாம், ஸ்டென்ட் அடைத்திருக்கலாம். அப்பா தெர்மாமீட்டரைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

என் மரபணு ரிப்போர்ட்டை வைத்து அனுப்பிய அந்தக் கவர் வந்து சேர்ந்ததா?

வந்திருக்கும். வித்யா கையெழுத்துப் போட்டு வாங்கியதாகத்தான் தகவல் வந்தது. நீ பிரித்தாயா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. கணையத்தில் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் இந்த மரபணுச் சோதனை பார்க்கச் சொல்கிறார்கள், என்னைத் தனியாகப் பிடித்துப் பார்க்கவில்லை. எனக்கு பி.ஆர்.சி.ஏ. 2 என்கிற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. என் வரைக்கும் அதில் ஒரு லாபம்கூட உண்டாம். இந்த மாற்றம் உள்ளவர்களின் கட்டி ஆக்சாலிபிளாட்டின் மாதிரியான பிளாட்டின வகை மருந்துக்கு நன்றாக அடங்குமாம். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு ஆச்சியும் பெரியம்மாவும்தான் ஞாபகம் வந்தார்கள். ஒருத்திக்கு மார்பில், ஒருத்திக்குச் சினைப்பையில். நம் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை, உனக்கே தெரியும்.

இது பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதே. மகனுக்கும் மகளுக்கும் ஒரே வாய்ப்புதான், சரிபாதி. ஆண்களுக்குப் புரோஸ்டேட்டில் வரலாம், கணையத்தில் வரலாம், அபூர்வமாக மார்பிலும் வரலாம். மாற்றம் இருந்தால் நோய் வந்தே தீரும் என்றும் இல்லை. எதை எந்த வயதிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான். பாப்பாவுக்கு இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம், அவள் பெரியவளானபிறகு அவள் முடிவு. உனக்கு இல்லையென்றால் உன் வழியாக அவளுக்கு இந்த மாற்றம் போகவே வழியில்லை. உன் தங்கை ரத்தம் கொடுத்துவிட்டாள். ரிசல்ட்டும் வந்துவிட்டது. அதை அவள் வாயாலேயே உன்னிடம் சொல்லட்டும். நீ ஒரு போன் போட்டால்தானே சொல்வாள்?

சின்ன வயதில் தடுப்பூசிக்கு எல்லாப் பிள்ளைகளும் ஓடி ஒளிந்தபோது நீதான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் முதலில் நின்றாய். நான் ஸ்டாஃப் ரூமில் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அந்தப் பையனுக்குத்தான் ஒரு கவரைப் பிரிக்க இவ்வளவு நாளாகிறது. என் ஆபரேஷனைப் பற்றி அப்பாவிடம் அவ்வளவு சத்தம் போட்டாய், உன் ரத்தத்தைப் பற்றிக் கேட்டால் லைனில் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. சரி, கோபித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கவில்லை என்று வந்தால் பதறாதே. மருந்தில் செத்த இடம் தழும்பாகி, படத்தில் கட்டி மாதிரியே தெரியுமாம். வேறெங்கும் பரவாமல், சி.ஏ. 19-9 நன்றாக இறங்கி, நான் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தால், தமனியோரம் நிழல் மாதிரித் தெரிந்தாலும் திறந்து பார்ப்பார்கள். கடைசி கீமோ முடிந்து நாலு முதல் ஆறு வாரம் உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் ஆபரேஷன். லீவு எடுப்பதாக இருந்தால் அப்போது எடு, இப்போதே ஓடி வந்து செலவழித்துவிடாதே. வரும்போது சளி, இருமல் எதுவும் இருக்கக் கூடாது. பாப்பாவுக்கு இருந்தாலும் சொல்லிவிடு, தள்ளிவைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கவரில் கடைசித் தாளில் மரபணு ஆலோசகரின் நம்பர் இருக்கிறது. பேசினேன், தன்மையான பெண். மதியத்துக்கு மேல்தான் எடுப்பாள், காலையில் போட்டுவிட்டு எடுக்கவில்லை என்று விட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா