மாயாவியின் பெயரில் ஒரு காசோலை

கொள்ளிடக்கரை,
ஆனி 22

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. இன்னும் தாளில் எழுதித் தபாலில் சேர்க்கிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். உறையைப் பிரிக்காமல் அரை நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, மாலையில் ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்துதான் படித்தேன்.

முதலில் ஊர்ச் சேதி. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்த தண்ணீர் நம் வாய்க்கால் தலைப்புக்கு வந்துவிட்டது. குறுவை நடவு மும்முரமாக நடக்கிறது. அதனால் நான் வேலை பார்க்கும் வங்கியில் நகைக் கடன் கூட்டம் நெருக்குகிறது. தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் தராசுக்கு வந்துவிடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஆனாலும் காலையில் வாசலில் கோலம் போடுவதை விடவில்லை. உன்னைப் பற்றி வாரம் ஒருமுறையாவது கேட்கிறார்.

சிலந்தி மனிதனின் பழைய கதைகளை மறுபடியும் எடுத்துப் படிப்பதாக எழுதியிருக்கிறாய். வாடகை கொடுக்க வழியில்லாத, சொந்தங்களைப் பறிகொடுத்த ஒருவனை அந்த வயதில் நமக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்றும் கேட்டிருக்கிறாய். பெரிய விடை எதுவும் என்னிடம் இல்லை. ஒரே ஒரு பக்கம்தான் என் நினைவில் நிற்கிறது. உன் மாமா பம்பாயிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டி நினைவிருக்கிறதா? கரையில் நாவல் மரத்தடியில் உட்கார்ந்து, அதிலிருந்த ஆங்கிலக் காமிக்ஸை நீ வரி வரியாகத் தமிழில் சொல்லுவாய். நான் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

1963 மார்ச்சில் வந்த அவனுடைய முதல் தனி இதழ் அது. சித்தப்பா செத்துப்போய்விட்டார். தான் பிடிக்காமல் விட்ட திருடன்தான் அவரைக் கொன்றான் என்ற பாரம் இவன் நெஞ்சில் இருக்கிறது. வீட்டு வாடகைக்குப் பணமில்லை. மேடையில் வித்தை காட்டிச் சம்பாதிக்கிறான். நிகழ்ச்சி நடத்துகிறவர் ரொக்கம் தராமல் ‘ஸ்பைடர்மேன்’ என்ற பெயருக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறான். அடையாளச் சான்று எங்கே என்று கேட்கிறார் கௌண்டரில் இருப்பவர். உடையைக் காட்டுகிறான். உடையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் அவர். அதே இதழில் அவன் சித்தி நகையை அடகு வைப்பதையும் இவன் பார்த்துவிடுவான். சுவரில் ஏறத் தெரிந்தவன், காரைத் தூக்கத் தெரிந்தவன், அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பான். அந்த வங்கிக்காரரை நாம் எவ்வளவு திட்டினோம்! நீ அந்தப் பக்கத்தில் அவர் முகத்தின்மேல் பென்சிலால் கிறுக்கியே விட்டாய்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் மாயாவி அண்ணனை உனக்கு நினைவிருக்கும். அவரைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்தும் கை வரவில்லை.

அந்தப் பெயரை வைத்தது நீதான். முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை நாம் விழுந்து விழுந்து படித்த காலம். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அல்லவா? அண்ணன் கொள்ளிடத்துக் கசத்தில் முங்கினால் ஆள் இருக்கும் இடமே தெரியாது. கரையில் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கடைசியில் தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் எழும்பும். நமக்குப் பன்னிரண்டு வயது, அவருக்கு இருபதுக்கு மேல் இருக்கும். நீ ‘மாயாவி’ என்று கத்தினாய். ஊரே பிடித்துக்கொண்டது. ரேஷன் கடைக்காரரிலிருந்து தீயணைப்பு நிலையத்தார் வரை அவரை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள். ஆடிப்பெருக்கில் காலை விட்டவர்கள், சுழலில் சிக்கியவர்கள், மணல் அள்ளிய குழி தெரியாமல் இறங்கியவர்கள் என்று அவர் எத்தனை பேரை இழுத்துப் போட்டார் என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. உயிரோடு எடுத்தால் ஒரு காசு வாங்க மாட்டார். பிணம் எடுத்தால் வேட்டி துண்டு மட்டும் வாங்கிக்கொள்வார்.

நீ ஊரை விட்டுப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். 2009 சித்திரை விடுமுறை. ஆற்றில் ஓட்டமில்லை, குழிகளில் மட்டும் தண்ணீர் நின்றது. படுகையில் வாழை இலை அறுத்துக்கொண்டிருந்தவரிடம், ஒரு பையன் குழியில் இறங்கிவிட்டான் என்று ஆள் ஓடி வந்து சொன்னது. அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டு முறை முங்கியும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை கை எழும்பியது. நான் அன்று கரையில் நின்றேன். அந்தப் பையன் அவருடைய மகன் என்பது கரையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அவரால் முங்க முடியாது என்று பயந்தார்கள். சில வருடம் கழித்து அவரே என்னிடம் சொன்னார்: கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது, கைதான் பார்க்கும். அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்து விரலில் பட்டது. அது அவர் கட்டிவிட்ட தாயத்து. மேலே வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

1973-இல் வந்த அந்தச் சிலந்தி மனிதன் இதழை நீ எனக்குச் சொல்லிவிட்டு அழுதாயே. பாலத்திலிருந்து விழுகிற காதலியை வலை வீசிப் பிடித்துவிடுகிறான், இழுத்து மடியில் போட்டுப் பார்த்தால் உயிர் இல்லை. பிடித்தும் போய்விட்டதே என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். அன்று ஆற்றங்கரையில் உன் குரல்தான் எனக்குக் கேட்டது.

கருமாதி முடிந்த மறு வாரமே பக்கத்து ஊரில் ஒரு பெண்பிள்ளை விழுந்துவிட்டாள் என்று அழைத்தார்கள். போனார். உயிரோடு எடுத்தார். அண்ணிதான் அதன் பிறகு தேறவில்லை. இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வந்த வெள்ளத்தை நீ தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். முக்கொம்பில் 9 மதகுகள் இடிந்தது அந்த மாதம்தான். நம் படுகைக் குடிசைகளில் இடுப்பளவு தண்ணீர் ஏறியபோது, படகு வருவதற்கு முன்பே, லாரி டியூபையும் வடக்கயிற்றையும் வைத்துக்கொண்டு கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் இவர்தான் கரையேற்றினார். இரண்டு பகல், ஓர் இரவு. கடைசியில் திரும்பிப் பார்த்தால் அவருடைய குடிசை இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, மகனின் பள்ளிக்கூடப் படம் எல்லாம் அதோடு போயின. படுகை புறம்போக்கு என்பதால் பட்டா கிடையாது. பட்டா இல்லாத வீடு இடிந்தால், அங்கே வீடு இருந்தது என்பதையே அவர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் செப்டம்பரில் ஒரு சங்கத்தார் அவருக்குப் பாராட்டு விழா வைத்து, பொன்னாடை போர்த்தி, 10,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார்கள். மறுநாள் காலை என் கௌண்டருக்கு வந்தார். தலையைப் படிய வாரி, அந்தப் பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டிருந்தார். காசோலையில் ‘திரு. மாயாவி அவர்கள்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. மூலையில் இரண்டு கோடு. கணக்கில்தான் வரவு வைக்க முடியும். அவருக்குக் கணக்கே கிடையாது. அப்படி ஒரு பெயரில் ஆளும் கிடையாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அண்ணே, அடையாளச் சான்று இல்லாமல் முடியாது. பெயரை மாற்றி எழுதி வாங்கி வாருங்கள்.” பின்னால் வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். அவர் “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். காசோலைக்கு மூன்று மாதம்தான் ஆயுள். நவம்பரில் கஜா புயல் வந்தது. சங்கத்தில் நிர்வாகிகள் மாறினார்கள். அவர் நடந்த நடைக்குப் பலன் இல்லை.

சான்று எதுவும் இல்லாதவருக்கும் சிறு கணக்கு தொடங்கலாம் என்று விதி இருக்கிறது. ஒரு புகைப்படமும், அதிகாரி முன்னால் போடும் கையெழுத்தும் போதும். ஓராண்டுக்குள் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டால் இன்னும் ஓராண்டு நீட்டிக்கொள்ளலாம். அந்தச் சுற்றறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். தெரிந்தும் சொல்லவில்லை நண்பா. பென்சிலால் நாம் கிறுக்கிய அந்த முகம் என்னுடையது.

இந்த வைகாசியில்தான் அவரை மறுபடியும் நெருங்கிப் பார்த்தேன். படித்துறை மண்டபத்தில் படுக்கிறார். மதியம் கோயில் அன்னதானம். இரவில் வாழைக் கொல்லைக் காவலுக்குப் போனால் ஏதோ கிடைக்கும். ஐப்பசி அடைமழையில் மண்டபம் முழுக்கச் சாரல் அடிக்கும். அப்போது பஸ் நிறுத்தத்துக்கு மாறிவிடுவாராம். வலது காதில் எப்போதும் பஞ்சு. இத்தனை வருடம் ஆழத்தில் முங்கியதில் செவிப்பறை கிழிந்து சீழ் வடிகிறது. இனி காதில் தண்ணீரே படக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு ஆறும் இல்லை என்று ஆகிவிட்டது.

பேச்சுக்கு நடுவில் தலைமாட்டுப் பையிலிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்தார். உள்ளே அந்தக் காசோலை. நான்காக மடித்த மடிப்பில் தாள் நூலாகப் பிரிந்திருந்தது. தேதி இருந்த இடத்தில் ஈரம் பட்டு மை நீலமாகப் பரவியிருந்தது. பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. “செல்லாது என்று தெரியும் தம்பி. ஊர் கொடுத்தது, கிழிக்க மனம் வரவில்லை” என்றார். என் பணத்திலிருந்து 10,000 தருகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டார். “நீ எதற்குத் தர வேண்டும்?”

அதனால் ஊரிடமே போனேன். வெள்ளத்தில் அவர் கரையேற்றிய வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினேன். பலர் இப்போது திருப்பூரில் இருக்கிறார்கள்; அவர்களிடம் தொலைபேசியில் பேசினேன். 50 கொடுத்தவர்கள் உண்டு, 500 கொடுத்தவர்களும் உண்டு. அன்று டியூபில் வந்த கைக்குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே கொடுத்தாள். உன் பெயரில் 500 எழுதி, நானே போட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை அண்ணனை வங்கிக்கு அழைத்து வந்தேன். புகைப்படம் ஒட்டி, மேலாளர் முன்னால் கையெழுத்து. எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை, ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது. நாற்பது வருடமாகப் பழகியும் அவருடைய சொந்தப் பெயரை நான் அன்றுதான் படித்தேன். அதை இங்கே எழுதவில்லை. வரும்போது அவர் வாயாலேயே கேள்.

அடுத்த வாரம் ஆதார் மையத்துக்குப் போகிறோம். விரல் ரேகை தேய்ந்துவிட்டது, கருவிழியை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அது கிடைத்தால் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், மாதாமாதம் ஒரு சிறு தொகை வரும். அதை வைத்து வீடு பிடிக்க முடியாது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு பழைய நெல் அறை காலியாக இருக்கிறது. உரிமையாளரிடம் பேசிவருகிறேன். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் காதையும் காட்ட வேண்டும்.

சூப்பர்மேனை உருவாக்கிய இருவரைப் பற்றியும் எழுதியிருந்தாய். 1938-இல் 130 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டு, 1975 வரை காத்திருந்துதான் அவர்களுக்கு ஓய்வூதியமும் பெயரும் கிடைத்தன என்று. படித்துவிட்டு வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு வருடம்! அண்ணனுக்கு அவ்வளவு காலம் இல்லை.

ஆடி 18-க்கு நீ கட்டாயம் வர வேண்டும். அண்ணன் இப்போது படித்துறையில் கயிறு கட்டி, பிள்ளைகளை அதைத் தாண்டவிடாமல் கரையிலேயே நிற்கிறார். வரும்போது டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த முதல் இதழை எடுத்து வா. வங்கிப் பக்கத்தை அவருக்கு நீ தமிழில் சொல்ல வேண்டும். அந்தப் பென்சில் கிறுக்கலை அழிக்காமல் கொண்டு வா.

என்றும் அன்புடன்,
நாவல் மரத்தடி நண்பன்