நனைத்த பஞ்சு

பாகான் செராய்,
முதல் வெள்ளி, இரவு

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

நேற்றிரவு நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. உன் வார்டில் இருக்கும், சபாவின் பூர்வகுடியான கடசான் இனத்துப் பெரியவர், இனி டயாலிசிஸ் வேண்டாம் என்று தெளிந்த புத்தியோடு சொன்னதையும், நிபுணரும் அவருடைய பிள்ளைகளும் நீயும் உட்கார்ந்து பேசிய பிறகு அதைக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டதையும் சொல்லிவிட்டு, "அம்மா, நான் ஒருவரைச் சாகவிட்டுவிட்டேனா?" என்று கேட்டாய். சட்டென்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. இன்று நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்பிய கையோடு எழுதுகிறேன்.

திருச்சபை என்ன சொல்கிறது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசியபோது, உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாளும் கடமை நமக்கு உண்டு, பெரும் சுமையாகிவிடும் வழிகளைக் கையாளும் கடமை இல்லை என்று விளக்கினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2278ஆம் எண்ணும் இதையே சொல்கிறது. பலனுக்கு மிஞ்சிய பாரமாகிவிட்ட சிகிச்சையை நிறுத்தலாம். அப்படி நிறுத்துகிறவர் சாவை விரும்பவில்லை, அதைத் தடுக்கத் தம்மால் இயலாது என்பதை ஏற்றுக்கொள்கிறார். நோயாளி தெளிவாக இருந்தால் முடிவு அவருடையது. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுகிற, இருதயமும் தளர்ந்துவிட்ட ஒரு மனிதர் போதும் என்று சொல்வது தற்கொலை ஆகாது. அதைக் கேட்டு எழுதிக்கொண்ட நீயும் கொலைகாரி ஆகமாட்டாய், பாப்பா.

ஆனால் அடுத்த எண்ணையும் நீ படிக்க வேண்டும். சாவு நெருங்கிவிட்டது என்றாலும் நோயாளிக்குச் செய்ய வேண்டிய சாதாரணப் பராமரிப்பை நிறுத்தக் கூடாது என்கிறது 2279. உன்னுடைய கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்; அதைக் கற்றுக்கொள்வதற்கு நான் ஒரு மனிதருக்குத் தீங்கு செய்ய வேண்டியிருந்தது.

இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பால்மரம் வெட்டிய ஒருவர் ஈரலில் புற்றுநோயோடு என் வார்டில் கிடந்தார். மூக்குக் குழாயை இரண்டு முறை பிடுங்கிப் போட்டார். "போதும் மிஸி, லயத்து வீட்டுக்குப் போறேன்" என்றார். நான், "அப்படியெல்லாம் பேசக் கூடாது, சாமி கோவிச்சுக்கும்" என்று அதட்டி, குழாயை மறுபடி போட்டு, அவர் பிடுங்காதபடி இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியில் கட்டினேன். மறுநாள் விடியுமுன் அந்தக் கட்டோடுதான் அவர் இறந்தார். மணிக்கட்டில் துணி பதிந்த வரி இருந்தது. உயிரைக் காக்கிறேன் என்ற பெயரில், கடவுளின் பெயரையும் சொல்லி, ஒரு மனிதரின் கடைசி இரவை நான் கட்டிப்போட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்றேன். ஆனாலும் அந்த வரியை நான் மறக்கவில்லை, மறக்கவும் விரும்பவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பங்குக் கோயிலில் நற்கருணைப் பணியாளராகச் சேர்ந்ததற்கு அவரும் ஒரு காரணம். இன்று பழைய எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்தேன். மருமகள் இந்து, ஆனால் முதல் வெள்ளி தவறாமல் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தியும் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்துக் காத்திருப்பவள் அவள்தான். பாட்டியை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, அப்பத்தில் அரிசி நொய் அளவு கிள்ளி, கரண்டியில் நாலு சொட்டுத் தண்ணீரோடு கொடுத்தேன். விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் துடைத்துவிட்டேன். எது நர்ஸ் வேலை, எது கோயில் வேலை என்று அந்த நேரத்தில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆகவே உன் பெரியவருக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மட்டும் எண்ணிவிடாதே. அரிப்பு வரும், மூச்சு வாங்கும். சிறுநீரகம் நின்றவருக்கு மார்ஃபினை எவ்வளவு கவனமாகக் கொடுக்க வேண்டும் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். வலியைத் தணிப்பதைத் திருச்சபை தடுக்கவில்லை, ஆயுளைச் சற்றுக் குறைக்கும் அபாயம் இருந்தாலும்கூட. இரத்தத்தில் யூரியா ஏற ஏற மயக்கம் கூடும் என்பதால், அவர் கத்தோலிக்கராக இருந்து, அவரே விரும்பினால், தெளிவாக இருக்கும்போதே குருவானவரை அழைக்கச் சொல். நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிப்பதை நம் பெரியவர்கள் அவஸ்தைபூசுதல் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே சாவு வந்துவிட்டது என்று பயந்து, நினைவு தப்பிய பிறகே குருவானவருக்குச் சொல்லியனுப்பும் வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே அதை நோயில்பூசுதல் என்று அழைப்பது பொருத்தம் என்றது. சாகிறவருக்கு உரியது கடைசிப் பயணத்துக்கு வழியுணவாகக் கொடுக்கும் நற்கருணை; அதை அவர் தன் வாயால் "ஆமென்" சொல்லி வாங்க வேண்டும் என்பது என் ஆசை.

பக்கத்துக் கட்டிலில் முஸ்லிம் பாட்டி இருப்பார், எதிரில் சீனத் தாத்தா இருப்பார். அவர்களிடம் நீ வேதம் பேச வேண்டியதில்லை, பேசவும் கூடாது. ஆனால் நாக்கு வறள்வது எல்லோருக்கும் ஒன்றுதான்.

நாளை ரவுண்ட்ஸ் முடிந்ததும் அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு ஐந்து நிமிடம் உட்கார். நின்றுகொண்டு பேசாதே. பெயரை நீ சொல்லவில்லை, சொல்லாததே சரி. இன்று மாலை, பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில், கடலுக்கு அப்பால் ஒரு பெரியவருக்காக என்று சொல்லி செபமாலையில் இன்னும் பத்து மணிகள் சேர்த்துச் சொன்னோம். அடுத்த முறை அழைக்கும்போது, அவர் இரவில் தூங்குகிறாரா என்று சொல்.

உன் அம்மா